பூந்தொட்டி விளக்கு மாப்பிள்ளை

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் போய் விருத்தகிரி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. லைட்டு கிரி என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கை காட்டுவார். களிமண் கரைசலை அச்சில் ஊற்றுவதும், காய்ந்த பீஸை எடுத்துச் சூளைக்கு அனுப்புவதும்தான் அவனுக்குப் பகல் வேலை. அகல் விளக்கு, பொம்மை, பூந்தொட்டி என்று அந்த யூனிட்டில் எது ஓடுகிறதோ அது. ஆனால் மனுஷனுடைய உயிர் இருப்பது என்னவோ காரின் ஹெட்லைட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வீட்டு வாசலில் கோணியை விரித்து, யாரோ ஒருத்தர் வண்டியின் ஹெட்லைட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

மெக்கானிக் கடை வைக்கச் சொன்னால் வைக்க மாட்டான். கடை வைத்தால் ஹெட்லைட்டோடு பிரேக்கையும் பார்க்கச் சொல்வார்களாம். மஞ்சள் பூத்த கண்ணாடியைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்குவான். மங்கிய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டுவான். ஒரு தடவை துபாயிலிருந்து லீவில் வந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டார் என்று, அவர் காரின் ரெண்டு விளக்கைச் சுற்றியும் நீல வளையம் வைத்துக் கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கார் தெருவுக்குள் திரும்பியதும், மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் போலீஸ் என்று நினைத்துச் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். துபாய்க்காரருக்கு அதில் ஏக சந்தோஷம்.

அவன் அம்மா ஆராயிக்குத்தான் வயிற்றெரிச்சல். "ஊரு வண்டிக்கெல்லாம் வெளிச்சம் வச்சிக் குடுக்குது இந்தப் புள்ள. வூட்டு டியூப்லைட்டு தீவாளியிலேருந்து கண்ணடிச்சிக்கிட்டு இருக்குது, அதத் தொட மாட்டான். ஒரு நாளைக்கு இல்லன்னா ஒரு நாளைக்கு கொளஞ்சியப்பர் கோயில்ல இவம்மேல பிராது கட்டிப்புடறேன் பாரு" என்பாள். பெற்ற பிள்ளை மேல் சாமியிடம் பிராது கொடுத்தால் சாமி யார் பக்கம் பேசும் என்று இவன் திருப்பிக் கேட்பான். உடனே கரண்டி பறந்து வரும்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் கனிமொழி, வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம மங்களூர்க்காரி. வேப்பூரில் ஒரு ஸ்கூலில் டீச்சர். பூ வைத்து முடித்த மறுநாளே ரெண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பேசியதெல்லாம் ஹெட்லைட்டைப் பற்றித்தான். வேறு பெண்ணாக இருந்தால் தலைவலி என்று சொல்லிப் போனை வைத்திருப்பாள். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளு கனி."

"எனக்குக் கார் லைசென்ஸ் இருக்குது. அப்பா எனக்கு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தப்பவே, பொழுது சாயறதுக்குள்ள வூட்டுல இருக்கணும்னு சேர்த்துச் சொல்லித்தான் குடுத்தாரு. காரு ஓட்டக் கத்துக்கிட்டதும் பகல்லதான். ராத்திரி ரோட்டுல நானா ஓட்டிக்கிட்டுப் போனதே இல்ல. கல்யாணம் முடிஞ்சி உங்க வூட்டுக்குக் கிளம்புற நல்ல நேரம் ஆறு மணிக்கு மேலதான் வருதாம். அன்னிக்கி உங்க கார நான் ஓட்டட்டுமா?"

விருத்தகிரிக்குத் தலைகால் புரியவில்லை. மாலையும் கழுத்துமாகப் பெண்ணு ஓட்ட, பக்கத்தில் தான் உட்கார்ந்து ஊர் வந்து சேர்வதை நினைத்துப் பார்த்தான். நினைக்க நினைக்க அவ்வளவு ஆசையாக இருந்தது. "நீதான் ஓட்டற. எவன் என்னா சொன்னாலும் நீதான் ஓட்டற" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

எவன் என்ன சொல்வது, அவள் அப்பா சுப்புராயனே சொன்னார். அவர் கெட்ட மனுஷரில்லை. மக்காச்சோளம் போடுகிற சம்சாரி, பெண் மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பாசமெல்லாம் பயமாகவே வெளியே வரும், அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டார். "மாப்ள, மழக்காலம். ரோட்டுல வெளக்கும் கிடையாது. உங்க வண்டி லைட்டு நல்லா எரிஞ்சா பொண்ணு ஓட்டட்டும், நான் குறுக்க நிக்கல. எரியலன்னா நம்ம சின்ன யானையில ரெண்டு பேரையும் முன்னால உக்கார வச்சி நானே கொண்டாந்து வுட்டுடறேன். கோவிச்சிக்கக் கூடாது."

சின்ன யானை என்பது அவர் சோளம் ஏற்றுகிற குட்டி லாரி. கல்யாணப் பெண்ணு அதில் போய் இறங்குவதா? லைட்டு கிரியின் பெண்டாட்டி, வெளிச்சம் போதவில்லை என்று சோள வண்டியில் வந்து இறங்கினால் அப்புறம் பேட்டையில் தலை காட்ட முடியுமா?

விருத்தகிரியின் கார் மூணு கை மாறி வந்த பழைய வண்டி. ஹெட்லைட்டு ரெண்டும் எரியும், ஆனால் உள்ளே பனி பிடித்தாற்போல மங்கல். பேசாமல் வெளியே தேய்த்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் கனிமொழி ஓட்டப்போகிற வண்டிக்கு வெறும் பேஸ்ட்டா? கண்ணாடியைப் பிரித்து, உள்ளே துடைத்து, புதுசாகக் குவிலென்ஸ் வைத்து, ரோடு பூராவும் பால் ஊற்றினாற்போல வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு பண்ணினான். லென்ஸும் வந்து சேர்ந்தது. அதற்குள் வீட்டில் பந்தக்கால் நட்டு, நலங்கு வைத்து, கையில் காப்பு கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் காப்பு கட்டிய மாப்பிள்ளை தெருமுனையைத் தாண்டக் கூடாது. காத்து கருப்பு அண்டிவிடுமாம். ஆராயி வாசலிலேயே பாய் போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை முகமெல்லாம் மஞ்சளாக, கையில் ஸ்குரூடிரைவரோடு வீட்டுக்குள் சுற்றி வந்தான்.

ஹெட்லைட்டுக் கண்ணாடியை ஒரு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இதமாகச் சூடு காட்டினால் பசை இளகி, கண்ணாடி தானாகக் கழன்று வரும். வெளியூரில் இதற்கு அடுப்புப் பெட்டி வைத்திருப்பார்கள். செராமிக் பேட்டையில் வேலை செய்கிறவனுக்கு அடுப்புப் பெட்டி எதற்கு? யூனிட்டில் சூளைக்குப் பக்கச் சுவரில் ஒரு திட்டு உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் டிபன் பாக்ஸை அங்கேதான் வைப்பார்கள். சாப்பாட்டு பெல் அடிக்கிறபோது எடுத்தால் சோறு கையைச் சுடாது, ஆறியும் இருக்காது. இத்தனை வருஷமாகத் தன் சாம்பாரை அதே பதத்தில் வைத்திருந்த திட்டு, தன் ஹெட்லைட்டை மட்டும் கைவிடுமா என்று நினைத்தான்.

கூட வேலை செய்கிற நந்தகுமாரை வரவழைத்து, இடது பக்க ஹெட்லைட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். "நம்ம டிபன் பாக்ஸ் வைக்கிற எடத்துல வை. சாப்பாட்டு பெல்லுக்கு எடுத்துடு. எடுத்ததும் நேரா கொண்டாந்துடு, சூட்டோட பிரிக்கணும்" என்று மூணு தடவை சொல்லி அனுப்பினான். நந்தகுமார் அதைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மார்பில் அணைத்து எடுத்துப் போனான். இந்த ரெண்டு புத்திசாலிகளுக்கும் ஒரு விஷயம் மட்டும் தோன்றவே இல்லை. கார்த்திகைக்கு அகல் விளக்கு அவசரம் என்று முதலாளி அன்றைக்குப் பார்த்து, சும்மா கிடந்த ரெண்டாவது சூளையையும் பற்ற வைத்துவிட்டார். டிபன் பாக்ஸ் திட்டு இருப்பது ரெண்டு சூளைக்கும் நடுவில்.

மத்தியானம் நந்தகுமார் வந்தான். துண்டைப் பிரிக்காமல் நின்றான்.

"என்னடா?"

"என் தயிர்சோறு பொங்கலா ஆயிடிச்சிடா" என்றான் நந்தகுமார். அழுதுவிடுவான் போலிருந்தது.

துண்டுக்குள் ஹெட்லைட்டு இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளம்போல் ஒன்று சுருண்டு கிடந்தது. விருத்தகிரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த மாடலுக்கு விருத்தாசலத்தில் ஸ்பேர் கிடையாது. சென்னையில் சொல்லி வைத்தால் வர ஒரு வாரம் ஆகும். கல்யாணத்துக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. நடுக்கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் பூசிய கன்னத்தில் கண்ணீர் விட்டான். சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே அழுதான். அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு அது.

கனிமொழிக்குப் போன் போட்டான். அவளும் காப்புக் கட்டிக்கொண்டு மங்களூரில் வீட்டுக்குள் கிடந்தாள். வீடியோவில் அப்பளத்தைக் காட்டினான். அவள் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அப்புறம் பொங்கிப் பொங்கிச் சிரித்தாள். நலங்கு மாவு உதிர உதிரச் சிரித்தாள்.

"சிரிக்காத கனி. உன்னால ஓட்ட முடியாமப் போயிடிச்சி."

"யாரு சொன்னது? உங்களுக்கு வேண்டியது ஒரு லைட்டு, அவ்வளவுதான?" என்று கேட்டாள். "போன வைங்க. எனக்கு வேலை இருக்குது."

மறுநாள் காலையில் மாப்பிள்ளையை அழைக்க மங்களூரிலிருந்து சீர்த்தட்டு வந்தது. கனிமொழியின் தாய்மாமன் முன்னால் வந்தார். வேட்டி சட்டைத் தட்டு, பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு என்று வரிசையாக வைத்தார்கள். "இந்தத் தட்ட மட்டும் மாப்பிள்ள கையிலதான் குடுக்கணும்னு பொண்ணு சொல்லியிருக்குது" என்று தாய்மாமன் ஒரு தட்டை நீட்டினார். வாழைப்பழச் சீப்பு வழக்கத்தைவிட மேடாக இருந்தது. சீப்பைத் தூக்கினால், அடியில் ரவிக்கைத் துண்டில் சுற்றி ஒரு பொருள். பிரித்தான். உருண்டையான முகவிளக்கு, ஒயரோடு. தன் ஸ்கூட்டியின் ஹெட்லைட்டைத் தானே கழற்றி, சீர்த்தட்டில் வைத்து அனுப்பியிருந்தாள் கல்யாணப் பெண்.

சபையில் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறான், கண்ணைத் துடைக்கிறான், மறுபடியும் சிரிக்கிறான். "மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடிச்சா?" என்று தாய்மாமன் ஆராயியைக் கேட்டார். "பொறந்ததிலேருந்தே இப்பிடித்தாங்க" என்றாள் ஆராயி.

ஸ்கூட்டிக்கும் பன்னிரண்டு வோல்ட்டு, காருக்கும் பன்னிரண்டு வோல்ட்டு. எரிய வைப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் காரில் இருந்த பள்ளம் பெரிசு, விளக்கு சின்னது. நடுவில் எதையாவது வைத்துப் பொருத்த வேண்டும். வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினான். செராமிக் பேட்டைக்காரன் வீட்டில் என்ன இருக்கும்? யூனிட்டில் கழித்துப் போட்ட பீஸ்தான் இருக்கும். காது உடைந்த யானை, மூக்கில்லாத பிள்ளையார், வாய் கோணிய ஜாடி. கடைசியில் கொல்லைப்புறத்தில் அவன் கண்ணில் பட்டது அம்மாவின் கற்பூரவல்லிச் செடி. வெள்ளைப் பளபளப்பான குட்டிப் பூந்தொட்டி. விளக்கு உட்கார வாய் இருக்கிறது. ஒயர் போக அடியில் ஓட்டையும் இருக்கிறது. கடவுளே காருக்கென்று செய்து கழித்துப் போட்டாற்போல இருந்தது.

ஆராயி தொட்டியையும் பார்த்தாள், பிள்ளையையும் பார்த்தாள். செடியை வேரோடு பெயர்த்து எடுத்து, தொட்டியைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள். "மருமவ வந்ததும் எனக்கு என் தொட்டி வந்தாகணும்" என்றாள்.

எம்-சீலைப் பிசைந்து அப்பி, தொட்டியைப் பள்ளத்தில் உட்கார வைத்தான். தொட்டிக்குள் விளக்கு உட்கார்ந்தது. ஒரே ஒரு குறை. அது ஏன் கழித்துப் போட்ட தொட்டி என்றால், அதன் வாய் ஒரு பக்கம் தூக்கிக் கோணலாக இருக்கும். அதனால் விளக்கு ரோட்டைப் பார்க்கவில்லை. கொஞ்சம் வானத்தைப் பார்த்தது. திருப்ப நேரமில்லை. எம்-சீல் இறுகிவிட்டது, வாசலில் மேளமும் வந்துவிட்டது.

மங்களூரில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டும்போது விருத்தகிரிக்குப் பாதி மனசு மண்டபத்து வாசலில் நின்ற காரில் இருந்தது. அது கனிமொழிக்குத் தெரிந்தது. மூணாவது முடிச்சுப் போடுகிறபோது, "லைட்டு எரியுதா?" என்று குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "எரியுது" என்றான். ஐயருக்கு அது மந்திரத்தில் சேர்த்தியா என்று ஒரு நிமிஷம் குழப்பம்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. கிளம்புகிற நேரம் வந்தது. சுப்புராயன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே காரின் முன்னால் போய் நின்றார். சின்ன யானையின் சாவி அவர் கையில் இருந்தது. கூட்டமே பின்னால் வந்து நின்றது. அவர் குனிந்து, இடது பக்கத்து விளக்கை விரலால் தட்டினார். டங் என்றது.

"என்னா மாப்ள இது?"

"பூந்தொட்டிங்க மாமா."

"செடி எங்க?"

"எங்கம்மா எடுத்துட்டாங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "லைட்டப் போடுங்க பார்க்கலாம்" என்றார். விருத்தகிரி ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டான். சுவிட்சைப் போட்டான். வலது பக்க விளக்கு பழைய மங்கல் மஞ்சளாக ரோட்டில் விழுந்தது. பூந்தொட்டியிலிருந்தோ பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் கிளம்பி, எதிரே இருந்த வேப்பமரத்து உச்சியில் போய் அடித்தது. அடைய வந்த காக்காய்கள் விடிந்துவிட்டது என்று நினைத்து மொத்தமாகக் கிளம்பிவிட்டன. அவ்வளவு வெளிச்சத்தை விருத்தகிரியே அந்த விளக்கிடம் எதிர்பார்க்கவில்லை.

சுப்புராயன் இன்னும் குனிந்தார். கண்ணாடியின் ஓரத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே தன் கையால் வைப்பது. அந்த இடத்தை விட்டு அவர் விரல் நகரவில்லை.

"இது நம்ம ஸ்கூட்டியோடதாச்சே."

"ஆமாம்பா" என்றாள் கனிமொழி.

"நீ காலேஜு சேர்ந்தப்ப வாங்குனது. இத்தன வருஷமாச்சி, இன்னும் புதுசு மாதிரி எரியுதேம்மா."

"சுவிட்சப் போட்டாத்தானப்பா எரியும் அந்த வண்டியில. நான் என்னிக்கிப் போட்டேன்? இன்னிக்கித்தான் அதுக்கு மொத நாளு."

அவள் குத்திச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தினமும் நாலு மணிக்கு மேல் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்ததெல்லாம் சுப்புராயனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். துண்டு நுனியை எச்சில் தொட்டு, வெளிச்சத்துக்கு மறைப்பாக இருந்த அந்தச் சந்தனப் பொட்டை அழுந்தத் துடைத்தார். சின்ன யானையின் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கார்க் கதவைத் திறந்தார், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவை.

"உக்காரும்மா. பட்டுப்பொடவ பிரேக்குல சிக்காம பாத்துக்க" என்றார். "மாப்ள, நீங்க அந்தப் பக்கம் போங்க."

கனிமொழி மாலையைச் சரித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பின் சீட்டில் ஆராயி, மடியில் சீர்த்தட்டோடு. கார் கிளம்பியது. வேப்பூர் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மங்கல் விளக்கு ரோட்டைக் காட்ட, பூந்தொட்டி விளக்கு ஓரத்துப் புளியமரங்களை ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கிளையெல்லாம் மினுங்கியது. ஒரு மரத்தில் கொக்குக் கூட்டம் ஒன்று வெள்ளை வெளேரென்று அடைந்திருந்தது.

"இந்த மரமெல்லாம் தெனமும் பார்க்கறதுதாங்க" என்றாள். "ராத்திரியில இப்பிடியா இருக்கும்?"

"விளக்கு கோணலா இருக்குது கனி. நாளைக்கிக் காலையில மொத வேலையா ரோட்டப் பார்த்துத் திருப்பிடறேன்."

"கைய வச்சிப்புடாதீங்க. அது பாட்டுக்கு மரத்தப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்."

"அப்போ என் தொட்டி?" என்றாள் ஆராயி பின்னாலிருந்து. கனிமொழி கியரை மாற்றினாள்.

விருத்தாசலத்தில் அவர்கள் தெருவே வாசலில் நின்றது. ஆரத்தித் தட்டைக் கரைத்து வைத்து, ரெண்டு சுமங்கலிகள் தயாராக நின்றார்கள். நந்தகுமார் பட்டாசுச் சரத்தோடு முன்னால் நின்றான். தெருமுனையில் மஞ்சளும் வெள்ளையுமாக வெளிச்சம் திரும்பியதும் சரத்தைக் கொளுத்திவிட்டான். வெளிச்சம் மொட்டை மாடிகளையெல்லாம் தடவிக்கொண்டு வந்தது. வந்தது, வாசலுக்கு நேரே வந்தது, நிற்காமல் தாண்டிப் போயே போய்விட்டது. ஆரத்தித் தட்டு பாதி தூக்கியபடி நின்றது. பின் சீட்டில் ஆராயி எல்லாருக்கும் கையை ஆட்டிக்கொண்டு போவதை மட்டும் பார்த்தார்கள்.

காருக்குள் விருத்தகிரி திரும்பிப் பார்த்தான். "கனி, நம்ம வூடு தாண்டிடிச்சி."

"தெரியும். இருட்டு இன்னும் நெறைய இருக்குதுங்க" என்று சொல்லி, கனிமொழி அடுத்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பினாள்.